வெள்ளிக்கிழமைப் புகை

சுடலைமுத்துவுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது மோந்து பார்ப்பதற்காக. இதைச் சொன்னால் ஊரில் அவன் சித்தப்பா மகன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "ஏல, நாய்க்கும் அதே வேலைதானல, அதுக்கு யாருல விசா கொடுக்கா?" என்று ஒருத்தன் வாட்ஸப்பில் கேட்டே விட்டான். சுடுகாட்டுச் சாமியின் பெயரை வைத்துக்கொண்டு புகையோடு பிழைக்கிறவனுக்கு இந்தக் கிண்டலெல்லாம் பழகிப்போயிருந்தது.

உண்மையில் மோந்து பார்த்தது அவன் இல்லை. அலுவலகத்துக்குப் பின்னால் நாற்பது அடி உயரத்தில் நின்ற கம்பம்தான். ஆஸ்திரேலியாவின் அந்த மாநிலம் முழுக்க அப்படி அறுநூறு கம்பங்கள். காற்றில் வரும் புகையைப் பிரித்து, இது யூகலிப்டஸ், இது காய்ந்த புல், இது ஆட்டு ரோமம், இது கார் டயர், இது எவன் வீட்டு ரொட்டியோ கருகியது என்று பெயர் சொல்லும். எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில் என்றும் சொல்லும். சொன்னது சரிதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது சுடலையின் வேலை.

மில்பரா என்ற அந்தச் சின்ன ஊரில் புகை வந்து அன்றோடு நாற்பத்தேழு நாள். மழை பெய்து ஏழு மாதம். காலை பத்து மணிக்கும் தெருவிளக்கு எரிந்தது. ஜன்னல் ஓரங்களில் டேப் ஒட்டி, கதவிடுக்கில் ஈரத்துணி திணித்து, காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டியின் உறுமலைக் கேட்டுக்கொண்டு சனங்கள் உள்ளேயே கிடந்தார்கள். துணி துவைத்தால் வீட்டுக்குள்தான் காயப்போட வேண்டும், அப்படியும் சாம்பல் வாடை போகாது. கடைக்குப் போனால் முகமூடிக்கு மேலே இரண்டு கண் தெரியும், அதுவும் சாமானைத்தான் பார்க்கும். வாயைத் திறந்தால் இருமல் வரும் என்பதால் ஊரே பேச்சைக் குறைத்திருந்தது. சுடலை கடைசியாக ஒரு மனிதரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியது எப்போது என்று அவனுக்கே நினைவில்லை.

மகள் பொன்னிக்கு இழுப்பு. ஊரை இப்படிப் புகை மூடிய முதல் கோடையிலேயே மனைவி ஆவுடை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெற்கே தாஸ்மேனியாவுக்குப் போய்விட்டாள். கோடை முடிந்ததும் திரும்புவதாகத்தான் பேச்சு. மூன்று கோடை ஆகிவிட்டது. பிள்ளை அங்கேயே பள்ளிக்கூடம் போகிறது. வாரம் இரண்டு தடவை வீடியோவில் வருவாள். முகமூடி இல்லாத முழு முகம், பின்னால் நீல வானம். "அப்பா, ஒங்க வீட்டுல மட்டும் ஏன் எப்பவும் சாயங்காலமா இருக்கு?" என்று போன வாரம் கேட்டாள். லைட் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தான்.

தனியாக இருக்கிறவனுக்கு ஏதாவது ஒரு கிறுக்குப் பழக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். சுடலைக்கு ஒட்டிக்கொண்டது இது: வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீயைப் போட்டு வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் 'கழிவு' என்ற பகுதியைத் திறப்பான். கம்பங்கள் கண்டுபிடித்தும், தேவையில்லை என்று ஒதுக்கப்பட்ட புகைகள் அங்கே கிடக்கும். அதில் சாம்பிராணியை மட்டும் தேடுவான். சிட்னியின் மேற்குப் புறநகர்களில் ஒவ்வொரு புள்ளியாக முளைக்கும். ஆறு மணிக்கு இருபது, ஆறரைக்கு நூறு. அத்தனை வீட்டிலும் யாரோ குளித்து விளக்கேற்றியிருக்கிறார்கள். ஒருத்தரையும் தெரியாது. ஆனாலும் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கும் அரை மணி நேரம் நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

அவற்றைக் கழிவில் தள்ளியவனே அவன்தான். கம்பங்கள் வந்த புதிதில் பெரிய கூத்து நடந்தது. வெள்ளிக்கிழமை ஆனால் போதும், தமிழர் வீட்டு வாசலில் தீயணைப்பு வண்டி. அந்த மண்ணில் விளையாத ஏதோ பிசின் எரிகிறது என்று கம்பம் அலற, தலைக்கவசத்தோடு ஆறு பேர் பூஜை அறைக்குள் வந்து நிற்பார்கள். ஒரு புதுமனை புகுவிழாவில் ஐயர்மேலேயே தண்ணீரைப் பீய்ச்சிவிட்டார்கள். மானம் போகிறது என்று தமிழ்ச் சங்கம் மனுக் கொடுத்தது. தீயணைப்புத் துறையின் புகைப் பிரிவில் இருந்த தமிழர்கள் இரண்டே பேர். சிட்னியில் மேலதிகாரி அர்த்தநாரி, அவருக்குக் கீழே சுடலை. ஒரே மத்தியானத்தில் சுடலை விதி எழுதினான். சாம்பிராணி எங்கே வந்தாலும் தள்ளிவிடு, அவ்வளவுதான். மாநிலம் முழுக்க அதைப் போட்டான். காட்டுக்குள் எவன் சாம்பிராணி போடப் போகிறான் என்று நினைத்தான். சங்கத்தில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடைதான் இப்போது அலுவலகக் கதவிடுக்கில் ஈரமாகச் சுருண்டு கிடந்தது. ஜரிகை கொஞ்சம் கறுத்திருந்தாலும் புகையை நன்றாகவே தடுத்தது.

அந்த வெள்ளிக்கிழமை காற்று திசை மாறி மேற்கிலிருந்து அடித்தது. சுடலை கழிவைத் திறந்தபோது அவனுடைய சொந்தக் கம்பத்தின் பட்டியலிலேயே ஒரு சாம்பிராணி வந்திருந்தது. இதுவரை வந்ததில்லை. மில்பராவுக்கு மேற்கே முப்பது கிலோமீட்டர், ஏழு மைல் ஓடைப் பள்ளத்தாக்கு. ஒரு மாதத்துக்கு முன்பே மொத்தமாகக் காலி செய்த இடம். மறுநாள் காலை பதினோரு மணிக்குத் தீயணைப்புத் துறையே அதற்குத் தீ வைப்பதாக இருந்தது.

சுடலை பள்ளத்தாக்குக்குப் பக்கத்துக் கம்பத்தின் பழைய கழிவைத் தோண்டி எடுத்தான். முதல் தடவை மூன்று வாரம் முந்திய வெள்ளி, சாயங்காலம் ஆறு மணி. இரண்டாம் வெள்ளி, அதே ஆறு மணி. அடுத்து வந்த திங்களிலிருந்து தினமும், காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. கம்பம் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அவன் விதி ஒன்றைக்கூட மேலே அனுப்பவில்லை.

அர்த்தநாரியைப் போனில் பிடித்தான்.

"சார், ஏழு மைல்ல ஆள் இருக்கு."

"யாருங்க சொன்னது?"

"கழிவுல சாம்பிராணி கெடக்கு சார். பன்னெண்டு நாளா ரெண்டு வேளை."

அர்த்தநாரி திருச்செங்கோட்டுக்காரர், கோபம் வந்தாலும் மரியாதை குறையாது. "ஏனுங்க சுடலை, நாளைக்கு நாம எதுக்கு எதிர்த்தீ வைக்கறோம்? காட்டுத்தீ அந்த வழியாத்தான் இறங்குது. முன்னாடியே பள்ளத்தாக்க நாமளே எரிச்சு வெறும் தரையாக்குனா, திங்கறதுக்கு ஒண்ணுமில்லாம அது அங்கயே நின்னு போகும். வைக்கலீன்னா ஞாயித்துக்கிழமை மில்பராவுக்குள்ள வந்துரும். நாலாயிரம் சனமுங்க. நீங்களும் அதுல ஒருத்தர்."

"வைக்க வேண்டாம்னு சொல்லலை சார். ஆளைக் கூட்டியாந்துட்டு வைங்கன்னுதான் சொல்லுதேன்."

"ஆளே இல்லைங்களே. பதினேழு பண்ணை, எல்லார் பேரும் பதிவேட்டுல இருக்குது, எல்லாரும் வெளிய வந்தாச்சு. ஒரு மாசமா அங்க சமையல் புகைகூட இல்லீங்க. காலின்னு கையெழுத்துப் போட்டதே நீங்கதான?"

போட்டிருந்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம், தயிர்சாதம் சாப்பிட்ட கையோடு.

"சோலார் கரண்ட்டுல சமைச்சா புகை ஏது சார்? பதிவேட்டுல பேர் இல்லாத ஆளும் உண்டும்லா? இந்தப் பண்ணைகள்ல காயிதம் இல்லாம எத்தனை பேர் வேலை பாக்காவ, நமக்குத் தெரியாதா? ஹெலிகாப்டர் அனுப்பச் சொல்லுங்க."

"இந்தப் புகையில காக்காகூடப் பறக்காதுங்க." அர்த்தநாரியின் குரல் தணிந்தது. "யோசிச்சுப் பேசுங்க சுடலை. விதி தப்புன்னு இன்னைக்கு எழுதிக் குடுத்தா, ரெண்டு கோடையா அந்த விதியை நம்பி காலின்னு சொன்ன இடத்தையெல்லாம் தோண்டுவாங்க. எத்தனை பள்ளத்தாக்க எரிச்சிருக்கறோம்? எழுதுனது நீங்க. ஒப்புதல் போட்டது நானு."

இந்த வார்த்தை சுடலையை ஒரு நிமிடம் கட்டிப்போட்டது உண்மை. வேலை போகும், விசா போகும், பொன்னியைப் பார்க்க இருக்கிற ஒரே வழியும் போகும். அவன் ஒன்றும் வீரன் இல்லை. போனை வைத்துவிட்டால் என்ன என்றுகூட நினைத்தான். ஆனால் காலையும் மாலையும் யாரோ நெருப்பு மூட்டிப் பொடியைத் தூவுகிற கை அவன் கண்ணை விட்டுப் போகவில்லை.

"நான் போறேன் சார்," என்றான். "ஆபீஸ் வண்டி இருக்கு."

"பத்து மணிக்குள்ள அந்த ஆளை என்ர காதுல பேச வைங்க. நிறுத்தறேன். அதுக்கு மேல என்னால ஆகாதுங்க."

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினான். விடிந்தது என்பது கடிகாரம் சொன்னதுதான். வெளியே செம்பழுப்பாக ஒரு மங்கல், வண்டியின் மூக்குக்கு முன்னால் பத்தடி ரோடு. தடுப்பில் நின்ற போலீஸ்காரர் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, பத்தரைக்குள் வெளியே வந்துவிடு என்று மட்டும் சொன்னார். பள்ளத்தாக்குக்குள் ஒரு பறவைச் சத்தம் இல்லை. பண்ணை வாசல்களில் பிள்ளைகளின் சைக்கிள்கள் சாம்பல் மூடி நின்றன. ஒவ்வொரு வாசலிலும் ஹாரனை அழுத்திவிட்டு, முதலில் இங்கிலீஷிலும் பிறகு தமிழிலும் கூப்பிட்டான். "யாராவது இருக்கியளா?" என்று தன் குரலில் தமிழ் சத்தமாகக் கேட்டபோது அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது. வீட்டில் அப்படிக் கத்தி எத்தனையோ நாளாயிற்று.

கையோடு கொண்டுபோன சின்ன மோப்பக் கருவி கைவிட்டுவிட்டது. சுற்றிலும் அத்தனை மரப்புகை இருக்க, அதற்கு வேறொன்றும் பிடிபடவில்லை. எட்டேமுக்காலுக்கு ஒன்பது பண்ணை முடிந்திருந்தது. ஒன்பதேகாலுக்குப் பதினொன்று. பன்னிரண்டாவது வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கி, முகமூடியைக் கழற்றினான். எரிச்சலில் கண்ணீர் கொட்டியது, குடல் வெளியே வருகிற மாதிரி இருமினான். இருமி முடித்து மூச்சை மெதுவாக இழுத்தான். யூகலிப்டஸ், கருகிய புல், சூடான தகரம். அதற்கடியில், சின்ன வயதில் அம்மா தலைமுடியைக் காட்டி உலர்த்துவாளே, அந்த வாசனை.

ஆப்பிள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு தகர அறை. வாசலில் நாற்காலி போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். முகத்தில் ஈரத்துண்டு, வலது காலில் துணிக்கட்டு. காலடியில், ஓட்டை போட்ட பழைய பால்மாவு டின்னில் கங்கு கனன்றது.

"ஆர் அது? தீயணைப்போ?"

"இல்லக்கா. புகை ஆபீஸ்."

"தமிழோ!" என்று எழுந்திருக்கப் பார்த்தவள் முடியாமல் உட்கார்ந்தாள். துண்டை விலக்கினாள். அவளும் அழுதாள், புகையாலா என்று தெரியவில்லை. "இவ்வளவு நாளும் எங்க துலைஞ்சு போனனீங்கள்?"

பேச நேரமில்லை. சாட்டிலைட் போனில் அர்த்தநாரியைக் கூப்பிட்டு அவள் காதில் வைத்தான்.

"ஐயா, நான் தவமலர் கதைக்கிறன்," என்றாள் அவள். "பயப்பிடாதேங்கோ, உயிரோடதான் இருக்கிறன்."

"நிறுத்தச் சொல்றேனுங்கம்மா, நீங்க வெளிய வாங்க," என்று அர்த்தநாரி சொன்னது சுடலைக்கும் கேட்டது. மணி ஒன்பது ஐம்பது.

அவளைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றினான். கங்கைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு டின்னையும், மிச்சமிருந்த சாம்பிராணிப் பொட்டலத்தையும் மடியில் வைத்துக்கொண்டாள். ரோட்டுக்கு வந்ததும் அவளாகவே பேச ஆரம்பித்தாள். ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்த பேச்சு.

"முதலாளி குடும்பத்தோட போகேக்க வாகனத்தில இடமில்லை. பின்னால ஒண்டு அனுப்புறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். என்ர பேரை வெளியில சொன்னா அவருக்கெல்லோ தண்டம். பதினாறு வருசம் இந்த நாட்டில இருக்கிறன் தம்பி, ஒரு பதிவிலயும் நான் இல்லை. டவர் எரிஞ்சதில போனும் செத்துப் போச்சு. நடப்பம் எண்டு வெளிக்கிட்டு, புகைக்குள்ள கால் பிரண்டு விழுந்தன். சோலார் இருந்தபடியா சோறு காச்சினன். தண்ணி இருந்தது. கதைக்கத்தான் ஒருத்தரும் இல்லை."

"அதான் தினமும் ரெண்டு வேளை சாமி கும்பிட்டியளாக்கும்," என்றான் சுடலை.

"சாமியோ?" தவமலர் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "முதல் ரெண்டு வெள்ளியும் சாமிக்குத்தான். பேந்துதான் யோசினை வந்தது. முந்தி நான் சிட்னியில ஒரு வீட்டில இருக்கேக்க, சாம்பிராணி போட்டா அஞ்சு நிமிசத்தில தீயணைப்பு வந்து கதவைத் தட்டும். ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சிரிச்சது. இஞ்ச விறகைக் கொளுத்தி ஆருக்குத் தெரியப் போகுது? ஊரே புகை. சாம்பிராணியை எண்டா அந்த மெசின் பிடிச்சிடும். அதான் காலமையும் பின்னேரமும் கொளுத்தினனான். பன்னெண்டு நாள். ஒவ்வொருக்காலும் கொளுத்திப்போட்டு ரோட்டைப் பாத்துக்கொண்டு இருப்பன். ஒருத்தரும் வரேல்லை. ஏன் தம்பி, மெசின் பழுதோ?"

சுடலை வண்டியை ஓரங்கட்டினான். ஓட்ட முடியவில்லை.

"மெசின் நல்லாத்தான் இருக்குக்கா. ஒங்க புகை ஒவ்வொரு நாளும் வந்துச்சு. சாம்பிராணி வந்தா தள்ளிருன்னு அதுக்கு நான்தான் சொல்லி வச்சிருந்தேன்."

"ஏன்?"

"நம்ம ஆளுகளுக்கு மானக்கேடா இருந்துச்சு."

பொன்னாடை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தடுப்பைத் தாண்டிய பிறகு, "தண்ணி இருக்கோ?" என்று மட்டும் கேட்டாள்.

எதிர்த்தீயை ஒரு மணிக்கு வைத்தார்கள். அலுவலகச் சுவருக்குள் உட்கார்ந்தும் அந்த உறுமல் கேட்டது. அவள் காலுக்கு மருந்து போட்டு, சோறு வைத்துக் கொடுத்துவிட்டு, சுடலை கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். அர்த்தநாரி எதற்குப் பயந்தாரோ அதைச் செய்தான். விதியை எடுத்துவிட்டு, இரண்டு கோடைக்குத் துறை எரித்த பள்ளத்தாக்குகளின் பழைய புகையை முழுக்க மறுபடி ஓடவிட்டான்.

ஒன்பது புள்ளிகள் வந்தன. அவற்றில் நான்கு, எரிப்பதற்குப் பல நாள் முன்பே நின்றிருந்தன. அவர்கள் எப்படியோ வெளியேறியிருக்கலாம். மற்ற ஐந்தும் எரித்த அன்றுதான் நின்றன. முதலில் வெள்ளிக்கு வெள்ளி, பிறகு தினமும் வந்தவை. ஒன்று கடைசி நாளில் மணிக்கு ஒரு தடவை வந்திருந்தது. அதன் கடைசிப் புகை காலை பத்து நாற்பது. அந்தப் பள்ளத்தாக்கில் தீ வைத்தது பதினோரு மணிக்கு. 'ஆள் நடமாட்டம் இல்லை' என்ற தாளில் அவன் கையெழுத்து தெளிவாக இருந்தது.

தவமலர் நொண்டிக்கொண்டு வந்து அவன் பின்னால் நின்றாள். திரையை வெகு நேரம் பார்த்தாள்.

"இதெல்லாம் ஆர்?"

"தெரியலக்கா. பேர் எதுலயும் இல்லை."

அவள் டின்னை எடுத்துக்கொண்டாள். கதவிடுக்கிலிருந்த பொன்னாடையைக் காலால் தள்ளிவிட்டு வெளியே போனாள். பின்புறம் இறைச்சி சுடும் அடுப்பில் பழைய கரி கிடந்தது. சுடலை போய்ப் பற்றவைத்துக் கொடுத்தான். கம்பத்தின் அடியில் டின்னை வைத்து, பொட்டலத்தில் இருந்ததை அப்படியே கவிழ்த்தாள். வெள்ளைப் புகை கம்பத்தைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. உள்ளே அலாரம் அலறத் தொடங்கியது. எடுத்துவிட்ட விதியை அவன் திரும்பப் போடவில்லை.

"பொலிசும் வருமோ தம்பி?"

"வரலாம்க்கா. நீங்க வேணும்னா உள்ள இருங்க, நான் பேசிக்கிடுதேன்."

"வரட்டும்," என்றாள். படிக்கட்டில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். சுடலையும் பக்கத்தில் உட்கார்ந்தான். நாலு நிமிடம் ஆகியிருக்கும், தெருமுனையில் சைரன் கேட்டது.

"வருகினம்," என்றாள் தவமலர்.

தலைக்கவசத்தோடு ஆறு பேர் இறங்கி ஓடி வந்தார்கள். டின்னைப் பார்த்தார்கள், இவர்கள் இருவரையும் பார்த்தார்கள். தீ எங்கே என்று கேட்டார்கள். சுடலை எழுந்து கதவைத் திறந்து, திரையைக் காட்டினான்.